19 அங்குலமா, 18 அங்குலமா? சூப்ராவுக்குக் குளிர்கால டயர்

#1 வளைவுப்பிரியன்

வண்டி டொயோட்டா ஜிஆர் சூப்ரா, 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், பின்சக்கர இழுவை. கம்பெனி மாட்டிக் கொடுத்த 19 அங்குல ரிம்தான் இன்றும் ஓடுகிறது. முன்னால் 255/35 ஆர்19, பின்னால் 275/35 ஆர்19. நான்கும் சம்மர் டயர். போன குளிர்காலம் முழுக்க வண்டியைப் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிட்டேன். இந்த முறை அது நடக்காது. வீட்டில் இருந்த இன்னொரு வண்டியை விற்றாகிவிட்டது. வேலைக்கு இதில்தான் போக வேண்டும்.

பாதை இப்படி: 50 கி.மீ. நெடுஞ்சாலை. பனி விழுந்தாலும் விடிவதற்குள் வழித்து உப்புப் போட்டுவிடுவார்கள். கடைசி 4 கி.மீ. மேடு. அங்கே பனி வழிக்கிற வண்டி எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது. வெப்பநிலை பெரும்பாலும் 5 டிகிரிக்கும் மைனஸ் 10க்கும் நடுவில்.

இருக்கிற 19 அங்குல ரிம்மிலேயே வின்டர் டயரை ஏற்றிவிடலாமா, இல்லை 18 அங்குலத்தில் தனி செட் வாங்க வேண்டுமா? டயரின் அகலத்தையும் குறைக்க வேண்டுமா? ஒரு நண்பர் பனிக்கு ஒல்லி டயர்தான் என்கிறார். இன்னொருவர் இந்த மாதிரி வண்டியில் அகலத்தில் கை வைத்தால் ஆபத்து என்கிறார். இருவருமே அடித்துச் சொல்வதால் யாரை நம்புவது என்று தெரியவில்லை. ஆல் சீசன் டயர் போட்டு ஒரேயடியாகத் தலைவலியை முடித்துவிடலாமா என்றும் ஓர் ஆசை இருக்கிறது.

#2 மொட்டைடயர்

தம்பி, பின்சக்கர வண்டி, அதுவும் சூப்ரா, பனியில். ஒரு பழைய முன்சக்கர வண்டியை வாங்கி ஓட்டிவிட்டு வசந்தம் வந்ததும் விற்றுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் இந்த வண்டியை இறக்க எப்படி மனசு வருகிறது?

#3 ஸ்பானர்

வண்டி ஓட்டுவதற்குத்தான் வாங்கியிருக்கிறார், விடுங்கள்.

வளைவுப்பிரியன், அளவுக்குப் போகும் முன் ஒரு விஷயம். சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைக்க ஆரம்பிக்கும். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) புத்தம் புதிதாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது. குளிர்காலக் கலவையில் சிலிக்கா நிறைய இருப்பதால் அந்தக் குளிரிலும் அது வளைந்து கொடுக்கும். அதனால் "எங்கள் ஊரில் பனியே விழாது, குளிர் மட்டும்தான்" என்கிறவர்களுக்கும் இந்த டயர் தேவைப்படுகிறது.

ஆல் சீசன் என்றால் பக்கத்தில் மூன்று மலையுச்சிக்குள் பனிச்செதில் படம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பனியில் சோதித்து வந்த டயர். வெறும் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது, அதற்குப் பின்னால் பனிச் சோதனை கிடையாது. முத்திரை உள்ள ஆல் சீசனிலும் உங்கள் 4 கி.மீ. மேட்டை மைனஸ் 10இல் பின்சக்கர வண்டியோடு ஏற நான் துணிய மாட்டேன்.

போன வருடம் படுக்க வைத்தீர்களே, எங்கே? திறந்த வெளியிலா? கடுங்குளிரில் இடையில் நகர்த்தினீர்களா? உச்சத் திறன் சம்மர் டயர்களை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே ஓட்டவோ நகர்த்தவோ கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். விறைத்த ரப்பர் வளையும்போது வெடிப்பு விடும்.

#4 வளைவுப்பிரியன்

கூரை உள்ள ஷெட்தான் அண்ணே, ஆனால் சூடு கிடையாது. பெரும்பாலும் தொடவே இல்லை. ஒரே ஒரு நாள் ஷெட்டைச் சுத்தம் செய்ய வெளியே எடுத்து உள்ளே விட்டேன், அவ்வளவுதான். டயரைப் பார்த்தேன், வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

#5 கணக்குப்பிள்ளை

அளவுக் கணக்கை நான் போடுகிறேன். இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை.

டயரின் மொத்த விட்டம் என்பது ரிம் விட்டத்தோடு சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரத்தை இரண்டு முறை கூட்டினால் வருவது. உங்கள் முன் டயர் 255/35 ஆர்19, அதாவது அகலம் 255 மி.மீ., ரிம் 19 அங்குலம். சைடுவால் 255இல் 35 சதவீதம், அதாவது 89 மி.மீ. மொத்தம் 661.1 மி.மீ. பின்னால் 275/35 ஆர்19, மொத்தம் 675.1 மி.மீ. பின் டயர் முன்னதைவிட 2.1 சதவீதம் பெரியது. இந்த 2.1தான் உங்கள் வண்டியின் ஜாதகம். ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு எல்லாம் இந்த விகிதத்தை மனதில் வைத்தே சக்கர வேகங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது 18 அங்குலம். 255/40 ஆர்18 போட்டால் 661.2 மி.மீ. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம்! பின்னால் 275/40 ஆர்18 போட்டால் 677.2. விகிதம் 2.4 சதவீதம். இது தற்செயல் இல்லை. இதே சூப்ராவின் 2.0 லிட்டர் மாடல் இந்த அளவுகளில் கம்பெனியிலிருந்தே வந்தது.

ஒரு படி ஒல்லியாகப் போனால் 245/40 ஆர்18 முன்னால், 265/40 ஆர்18 பின்னால். 653.2, 669.2. விகிதம் அதே 2.4. மொத்த விட்டம் ஒரு சதவீதம் அளவு குறையும், ஸ்பீடோமீட்டர் இப்போது காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும். அது நல்ல திசைதான். குறைத்துக் காட்டினால்தான் வம்பு.

நான்கிலும் 245/40 போட்டால் சுழற்றி மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது வருவீர்கள். அப்போது விகிதம் பூஜ்ஜியம். பின்சக்கரம் எப்போதும் 2 சதவீதம் வேகமாகச் சுற்றுவதாக வண்டி நினைக்கும், அதாவது நேர் ரோட்டில் போகும்போதே லேசாக வழுக்குவதாக. கட்டுப்பாட்டுக் கணினி இதைப் பொறுத்துக்கொள்ளுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

#6 நேர்கோடு

எல்லாரும் 18, 18 என்று ஓடுகிறீர்கள். அவர் எழுதியதை மறுபடி படியுங்கள். 54 கி.மீ.யில் 50 கி.மீ. வழித்த சாலை. அங்கே என்ன இருக்கும்? குளிர்ந்த ஈரத் தார், அல்லது குளிர்ந்த காய்ந்த தார். அதில் பிரேக் அடித்து நிற்பதற்கு அகலமான, சைடுவால் குட்டையான டயர் நல்லது. வின்டர் டயரின் பட்டனே மிருதுவானது, கட்டைகளுக்குள் ஆயிரம் கீறல் இருக்கும். அதன் மேல் சைடுவாலையும் உயரமாக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி யோசித்துத் திரும்பும்.

நான் 19 அங்குலத்திலேயே, அதே அகலத்திலேயே, மூன்றாவது குளிர்காலம் ஓட்டுகிறேன். மிஷலின் பைலட் அல்பின், பிரெல்லி பி ஜீரோ வின்டர் போன்றவை இந்த வகை வண்டிகளுக்காகவே செய்யப்பட்டவை. வண்டி வண்டியாகவே இருக்கிறது.

#7 ஸ்பானர்

நேர்கோடு சொல்வதில் தப்பில்லை, அவருடைய சாலைக்கு. ஆனால் வளைவுப்பிரியன் 50 கி.மீ. நன்றாக வந்துவிட்டு மேட்டின் அடியில் நின்றுவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவார்? டயரைத் தேர்ந்தெடுப்பது பாதையின் சராசரிக்காக இல்லை, அந்தக் கடைசி மேட்டுக்காக.

மேலும் 19 அங்குல ரிம் ஒரே செட் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் டயரின் உள்விளிம்பு மெஷினில் இழுபடும், ரிம் ஓரத்தில் கீறல் விழும். அந்தக் கீறலில் உப்பு நுழையும். முகப்பைக் கடைந்து பளபளவென்று வார்னிஷ் போட்ட ரிம் என்றால் வார்னிஷுக்கு அடியிலேயே வெள்ளைப் புழு மாதிரி அரிப்பு ஓடும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. குளிர்காலத்துக்கு ஒரே துண்டாக வார்த்த, முழுக்கப் பெயின்ட் அடித்த, ஆரக்கால் எளிமையாக உள்ள ரிம் போதும். அழகு வேண்டாம். கழுவச் சுலபமாக இருக்க வேண்டும்.

அப்புறம் பள்ளம். பனியும் தண்ணீரும் மாறி மாறி உறைந்து உருகினால் சாலை பெயரும். அந்தப் பள்ளத்தை உருகிய பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சைடுவாலில் கூடுதலாக 13 மி.மீ. இருந்தால் ரிம் வளைவதும் வளையாததும் அதில் தீர்மானமாகும்.

#8 பனிமனிதன்

ஒல்லியா அகலமா என்பதற்கு வருகிறேன். இரண்டு நண்பர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வெவ்வேறு தரையைப் பற்றி.

புதுப் பனியில் அகலமான டயர் ஒரு மண்வெட்டி. முன்னால் இருக்கிற பனியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அந்தத் தடை முழுதும் உங்கள் இழுவையைத் தின்னும். ஒல்லி டயர் அதே எடையைச் சிறிய இடத்தில் அழுத்துவதால் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, பனியை இறுக்கி, அதன் மேல் நிற்கும். உருகிய பனிச்சேற்றிலும் இதே கதை. அகல டயர் சேற்றின் மேல் மிதக்கும், ஸ்டியரிங் கையில் காற்றாகிவிடும்.

இறுகிய பனியில் கொஞ்சம் வேறு. அங்கே ரப்பர் பனியைப் பிடிப்பதைவிட, பனி பனியை நன்றாகப் பிடிக்கும். குழந்தைகள் பனியைக் கையில் அழுத்தினால் உருண்டையாக ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். வின்டர் டயரின் பள்ளங்களும் சைப் எனும் மெல்லிய கீறல்களும் பனியை உள்ளே அடைத்து வைத்துக்கொண்டு, தரையில் இருக்கிற பனியோடு கோத்துக்கொள்கின்றன. அதற்குப் பட்டனில் ஆழம் வேண்டும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை விடும். என் கணக்கில் 4 மி.மீ.க்குக் கீழே போன வின்டர் டயர் பனிக்கு ஓய்வு பெற்றது.

காய்ந்த குளிர்த் தாரில் நேர்கோடு சொன்னதே சரி, அகலம் உதவும். பளிங்கு மாதிரி உறைந்த தரையில் ஆணி வைத்த டயரைத் தவிர எதுவும் முழுசாக உதவாது, அகலமோ ஒல்லியோ.

என் கை 245, 265 பக்கம்தான் போகும்.

#9 பனிமனிதன்

ஒன்றை விட்டுவிட்டேன். அளவைவிடப் பெரிய முடிவு இது. வின்டர் டயரில் இரண்டு குடும்பம் இருக்கிறது.

ஒன்று, நேர்கோடு போட்டிருக்கிற வகை. மிதமான குளிர், வழித்த சாலை, அதிக வேகம் இவற்றுக்காகச் செய்தது. வேகக் குறியீடு வி அல்லது டபிள்யூ. அதாவது 240 அல்லது 270 கி.மீ. வரை தாங்கும். இன்னொன்று வட தேசத்து வகை. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலிட்டாவின் ஆணியில்லா வரிசை போன்றவை. ரப்பர் இன்னும் மிருது, உறைபனிக்கென்றே செய்தது. வேகக் குறியீடு பெரும்பாலும் ஆர், டி என்று 170, 190இல் நிற்கும். 5 டிகிரி வெயில் நாளில் நெடுஞ்சாலையில் இவற்றோடு வளைவில் திருப்பினால் களிமண் மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

சும்மா ஒரு தகவல்: ஹக்கபெலிட்டா என்ற பெயர் 1936இலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1934இல், அதே ஃபின்லாந்துக் கம்பெனி லாரிக்காகச் செய்ததுதான் உலகின் முதல் குளிர்கால டயர். பனியில் லாரி ஓட வேண்டிய கட்டாயத்தில் பிறந்த பொருளுக்கு நாம் இப்போது சூப்ராவில் வளைவுச் சுகம் கேட்கிறோம்.

மைனஸ் 10 வரைதான், வழித்த சாலைதான் அதிகம் என்றால் முதல் குடும்பம். மேடு பளிங்காக உறையும் என்றால் யோசியுங்கள். அந்த மூன்று மலை முத்திரை பனியில் சோதித்ததைத்தான் சொல்லும், உறைந்த பனிக்கட்டியில் பிடிக்கும் என்று சொல்லாது. ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 மே முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்குத் தனிப் படம் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

#10 வளைவுப்பிரியன்

மேடு பெரும்பாலும் இறுகிய பனிதான், பளிங்கு எப்போதாவது. அப்படியானால் முதல் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஆடியின் 18 அங்குல ரிம் நான்கையும் சும்மா தருகிறேன் என்கிறார். அதுவும் 5 போல்ட், 112 மி.மீ. வட்டம். சூப்ராவும் 5க்கு 112தானே? மாட்டிவிடலாமா?

#11 ஸ்பானர்

மாட்டாதீர்கள். போல்ட் வட்டம் ஒத்துப்போவது ஐந்து பொருத்தத்தில் ஒன்றுதான். மீதி நான்கைச் சொல்கிறேன்.

முதலில் நடு ஓட்டை. ஹப்பின் (வண்டியில் சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) மேல் ரிம் கச்சிதமாக உட்கார வேண்டும். உங்கள் வண்டிக்கு 66.6 மி.மீ. பழைய ஆடி ரிம் பலவற்றில் 57.1. ஹப்பில் ஏறவே ஏறாது. இரண்டாவது போல்ட் உட்காரும் குழி. ஆடியின் சொந்த ரிம்மில் அது உருண்டை வடிவம். உங்கள் போல்ட்டின் தலை கூம்பு. கூம்பை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஒரு வளையம் அளவுக்குத்தான் தொடும். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சில் கிளிக் என்று சத்தம் வரும், நீங்கள் நிம்மதியாகப் போவீர்கள், ஓட ஓட இளகும். மூன்றாவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது; கூடவே ரிம் அகலமும். உங்கள் முன் ரிம் 9 அங்குல அகலம், ஆஃப்செட் 32. பின் ரிம் 10 அங்குலம், 40. ஆடி ரிம் நான்கும் ஒரே அகலமாக இருக்கும். 8 அங்குலமே என்றால் 275 டயர் அதில் பிதுங்கி நிற்கும்.

நான்காவதுதான் உங்களுக்கு முக்கியம், பிரேக். 3.0 மாடலில் முன்னால் 348 மி.மீ. டிஸ்க், அதன் மேல் அதைக் கவ்விப் பிடிக்கிற நான்கு பிஸ்டன் காலிப்பர். 18 அங்குல ரிம் என்றால் டயர் உட்காரும் விளிம்பில் 457 மி.மீ., உள் குழல் அதைவிடக் குறைவு. அதற்குள் அந்தக் காலிப்பர் அடங்க வேண்டும். இது ரிம்முக்கு ரிம் மாறும். ஒரே 18 அங்குலத்தில் ஒரு டிசைன் உட்காரும், இன்னொன்றின் ஆரக்கால் காலிப்பர் முகத்தில் இடிக்கும். 2.0 மாடலுக்கு வந்த 18 அங்குல ரிம் என்பதாலேயே உங்கள் பிரேக்குக்கும் இடம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அதன் பிரேக் சிறியது.

நான் செய்வது இதுதான். டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டச் சொல்வேன். காலிப்பரின் மேலேயும் முகத்திலும் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணைக் கொஞ்சம் அப்பி, ரிம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கழற்றி, களிமண்ணில் மிஞ்சிய தடிமனை அளப்பேன். 3 மி.மீ.க்குக் குறைந்தால் எனக்கு வேண்டாம். ஒரு முறை வேறொரு வண்டியில் இதைச் செய்யாமல் 1 மி.மீ. இடைவெளியில் விட்டேன். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் உப்போடு உறைந்த மணல் மாட்டி, ரிம்மின் உள்பக்கம் முழுக்க வட்டமாக உழுதுவிட்டது. என் தப்புதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

#12 நான்குகால்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது நான்கு சக்கர இழுவை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். எனக்கும் இந்த விட்ட விகிதம் அவ்வளவு முக்கியமா? நான்கும் இழுப்பதால் டயரே மாற்றாமல் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

#13 கணக்குப்பிள்ளை

உங்களுக்குத்தான் அதிகம் முக்கியம். பின்சக்கர வண்டியில் விகிதம் தப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும், இல்லாவிட்டால் வண்டி தேவையில்லாமல் பவரைக் குறைக்கும். நான்கு சக்கர வண்டியில் முன்னையும் பின்னையும் இணைக்கிற கிளட்ச் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சூடாகித் தேயும். அது டயர் மாதிரி மாற்றுகிற பொருள் இல்லை. கையேட்டில் உள்ள ஜோடியைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். புது டயரையும் பாதி தேய்ந்த டயரையும் கலந்து போடுவதும் அதே தப்புதான்.

டயரே வேண்டாம் என்று சொன்னவருக்கு: நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு பிரேக்தான்.

#14 மொட்டைடயர்

நான் வேடிக்கை பேசினேன் என்று எல்லாரும் என்னை ஒதுக்கிவிட்டீர்கள். சரி, ஒரு சிக்கன யோசனை. இழுப்பது பின்சக்கரம். பின்னால் இரண்டு மட்டும் வின்டர் போட்டால் போதாதா?

#15 பனிமனிதன்

கிளம்புவீர்கள். அழகாக மேடு ஏறுவீர்கள். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள், வண்டி நேராகப் போகும். திருப்புவது முன்சக்கரம், பிரேக்கில் அதிக வேலை செய்வதும் முன்சக்கரம். அதில் விறைத்த சம்மர் டயர். முன்சக்கர வண்டிக்காரர்கள் முன்னால் மட்டும் போட்டுக்கொண்டு இதைவிட மோசமாக மாட்டிக்கொள்வார்கள். பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் முன்னால் வந்து நலம் விசாரிக்கும். நான்கும் ஒரே டயர், ஒரே வகை. இதில் மட்டும் சிக்கனம் கிடையாது.

#16 வளைவுப்பிரியன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடி ரிம்மை நன்றியோடு மறுத்துவிட்டேன். பெயின்ட் அடித்த 18 அங்குல வார்ப்பு ரிம் ஒரு செட் பார்த்து, களிமண் வைத்துச் சுற்றினேன். மேலே 5 மி.மீ., முகத்தில் 4 மி.மீ. நன்றாக உட்கார்ந்தது. முன்னால் 9 அங்குலம், பின்னால் 10, ஆஃப்செட் பழையதேதான்.

டயரில் பனிமனிதனின் 245, 265 ஆசையாக இருந்தது. கடைசியில் 255/40, 275/40தான் எடுத்தேன். காரணம் பிடிப்பு இல்லை, காகிதம். இதே வண்டி வரிசையில் கம்பெனியே போட்ட அளவு என்பதால் வண்டிச் சோதனையிலும் இன்சூரன்ஸிலும் கேள்வி வந்தால் பதில் சொல்லச் சுலபம். முதல் குடும்ப டயர், வேகக் குறியீடு வி.

இங்கே ஒரு சந்தேகம். வண்டியின் உச்ச வேகம் 250 என்று பூட்டியிருக்கிறது. வி என்றால் 240தானே?

#17 கணக்குப்பிள்ளை

ஆமாம், 240. வின்டர் டயருக்கு மட்டும் பல நாடுகளில் இந்தச் சலுகை உண்டு. வண்டியின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த குறியீடு போடலாம், ஆனால் ஓட்டுநர் கண்ணில் படும்படி அந்த வேகத்தை எழுதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடைக் குறியீட்டுக்குச் சலுகை எங்கும் கிடையாது, அது கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. 255/40 ஆர்18இல் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) வகை என்றால் 99 இருக்கும், அது டயருக்கு 775 கிலோ. 19 அங்குலத்தில் இருந்ததைவிடக் கூடத்தான்.

#18 பனிமனிதன்

காகிதத்துக்காக 10 மி.மீ. விட்டுக்கொடுத்தீர்கள். சரி, கோபம் இல்லை.

முதல் சில நூறு கி.மீ. பொறுமையாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்தோல் போக வேண்டும். காற்றைக் காலையில், வெளிக்குளிரில் பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் சுமார் 0.1 பார் இறங்கும். சூடான கடைக்குள் 20 டிகிரியில் சரியாக அடித்த டயர் மைனஸ் 10இல் கிட்டத்தட்ட 0.3 குறைந்து நிற்கும். அதைப் பஞ்சர் என்று நினைத்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும். 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பதையும் மறக்காதீர்கள்.

#19 வளைவுப்பிரியன்

உதவி! நேற்று இரவு நல்ல பனி. மேடு பிரமாதமாக ஏறியது, இறங்கியது. வழுக்கல் கட்டுப்பாட்டை முழுக்க இயங்க விட்டால் பவரை வெட்டி வெட்டி நின்றுவிடப் பார்த்தது. ஒரு படி தளர்த்தியதும் லேசாகப் பின்சக்கரம் சுற்றி ஏறிவிட்டது. முன் பம்பர்தான் பனியை வழிக்கிற வண்டி வேலையையும் சேர்த்துச் செய்தது.

பிரச்சினை இன்று காலை. நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறுகிறது. 100இல் கையே நடுங்குகிறது. நேற்று வரை இல்லை. பேலன்சிங் போய்விட்டதா? ரிம் வளைந்துவிட்டதா? போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

#20 ஸ்பானர்

வண்டியை நிறுத்திவிட்டு ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

#21 வளைவுப்பிரியன்

பனி! உள்குழலில் ஒரு பக்கமாக, செங்கல் அளவுக்கு, கல்லாக உறைந்து ஒட்டியிருக்கிறது. இரண்டு முன்சக்கரத்திலும்.

#22 ஸ்பானர்

அதேதான். இரவு நிறுத்தியபோது பிரேக் சூட்டில் உருகி, கீழ்ப்பக்கம் வழிந்து, அங்கேயே உறைந்திருக்கும். ரிம்மில் பேலன்சிங்குக்கு ஒட்டுவது சில கிராம், நீங்கள் ஒட்டியது அரை கிலோ. வெந்நீர் ஊற்றாதீர்கள். தண்ணீர்க் குழாய் போதும், இல்லாவிட்டால் மரக்குச்சியால் தட்டி எடுங்கள். இனி ஆழமான பனியில் போய்வந்தால் நிறுத்துவதற்கு முன் உள்பக்கத்தைத் தட்டிவிடுங்கள்.

#23 வளைவுப்பிரியன்

போய்விட்டது அண்ணே. 120 வரை பட்டு மாதிரி ஓடுகிறது.

நேர்கோடு கேட்பார் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங் கொஞ்சம் மந்தம்தான். அவர் சொன்ன "யோசித்துத் திரும்பும்" வெகு பொருத்தம். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

இன்று ஒருவழியாகப் பழைய 19 அங்குல செட்டைக் கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்க எடுத்தேன். ரிம்மோடு இருப்பதால் படுக்க வைத்து அடுக்கலாம் என்று படித்தேன். கழுவும்போது பின் இடது டயரில், பட்டன் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தின் அடியில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. விரலால் பிரித்தால் வாய் திறக்கிறது. பக்கத்துப் பள்ளத்திலும் இன்னொன்று. வண்டியில் இருந்தவரை கண்ணில் படவே இல்லை.

ஷெட்டைச் சுத்தம் செய்த அன்று மைனஸ் 14.

#24 ஸ்பானர்

அந்த டயர் முடிந்தது, தம்பி. ஒட்டவோ ஓட்டவோ பார்க்காதீர்கள். மற்ற மூன்றையும் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். அவை தப்பியிருந்தாலும் பின்னால் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். வசந்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.